தனிச்சாவி வெளியேறாமல் கையொப்பமிடுதல்: பிளாக்செயின் பரிவர்த்தனைகளுக்கான முழுமையான வழிகாட்டி

2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் என்னும் கிரிப்டோ பரிமாற்றகத்தின் எத்தீரியம் கோல்டு வாலட்டிலிருந்து (cold wallet, இணையத்திலிருந்து விலக்கி வைக்கும் சேமிப்பு) எத்தீரியத்தின் நாணயமான ஈத்தர் 4 லட்சத்துக்கும் மேல் வெளியேறியது. அன்றைய விலையில் அது ஏறத்தாழ 150 கோடி டாலர். யாருடைய தனிச்சாவி (பிரைவேட் கீ) கசிந்தது என்றுதான் பலரும் முதலில் கேட்டார்கள். எவருடையதும் கசியவில்லை. கையொப்பமிடும் பொறுப்பிலிருந்தவர்கள் வழக்கமான ஒரு பரிமாற்றம் என்று நம்பி, சாவியைத் தனக்குள்ளேயே வைத்துக் கையொப்பமிடும் சிறு கருவியான ஹார்டுவேர் வாலட்டில் தங்கள் கையாலேயே ஒப்புதல் கொடுத்தார்கள். கணினித் திரை காட்டியது ஒன்று, கருவிக்குள் போனது வேறொன்று.

ஆகவே இந்த வழிகாட்டி இரண்டு கேள்விகளை உடன்வைத்தே நடக்கும்: சாவி எங்கே இருக்கிறது, அந்தச் சாவி எதற்குச் சம்மதம் தருகிறது. முதல் கேள்விக்கு இன்று நல்ல விடைகள் இருக்கின்றன. பெரிய இழப்புகள் பல இரண்டாவது கேள்வியை எவரும் கேட்காததால் நேர்ந்தவை.

கையொப்பத்தின்போது நடப்பது என்ன

தனிச்சாவி எனப்படும் பிரைவேட் கீ என்பது 256 பிட் நீளமுள்ள ஓர் எண், அவ்வளவுதான். பத்தடிமான முறையில் எழுதினால் 78 இலக்கங்கள் வரை வரும். பிட்காயினும் எத்தீரியமும் அந்த எண்ணிலிருந்து செக்ப்256கே1 என்னும் வளைகோட்டின் வழியாகப் பொதுச்சாவியையும், பொதுச்சாவியிலிருந்து முகவரியையும் பெறுகின்றன. பரிவர்த்தனையின் விவரங்கள் (யாருக்கு, எவ்வளவு, எந்தச் சங்கிலியில், என்ன கட்டணத்தில், சங்கிலியில் ஓடும் நிரலான ஒப்பந்தத்துக்கு என்ன கட்டளை) கைரேகை போன்ற ஒரு ஹேஷாகச் சுருக்கப்பட்டு, அந்த 32 பைட்டுகளின் மேல் சாவி கையொப்பமிடுகிறது. வலையமைப்புக்குப் போக வேண்டியது பரிவர்த்தனையும் கையொப்பமும் மட்டுமே. சாவி இணையத்தைத் தொட வேண்டிய கட்டாயம் எந்தக் கட்டத்திலும் இல்லை. கீழே சொல்லப்படும் ஏற்பாடுகள் எல்லாம் இந்த உண்மையின் மேல் எழுந்தவை.

கையொப்பமே சாவியைக் காட்டிக்கொடுக்கும் ஒரு வழியும் உண்டு. இந்தச் சங்கிலிகளில் வழங்கும் ஈசிடிஎஸ்ஏ என்னும் கையொப்ப முறையில் ஒவ்வொரு கையொப்பத்துக்கும் ஒரு புதிய இரகசிய எண் தேவைப்படும். ஒரே சாவியால் இடப்பட்ட இரு கையொப்பங்களில் அந்த எண் திரும்ப வந்தால், பள்ளிக்கூட இயற்கணிதமே போதும். சாவி வெளியே வந்துவிடும். சோனியின் பிளேஸ்டேஷன் 3 கருவியின் கையொப்பச் சாவி 2010 டிசம்பரில் இப்படித்தான் அம்பலமாயிற்று. 2013 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டின் தற்செயல் எண் உருவாக்கியில் இருந்த குறையால் பிட்காயின் வாலட்டுகள் இதே வழியில் காலியாயின. அதே ஆண்டு வெளியான ஆர்எஃப்சி 6979 என்னும் இணையத் தர ஆவணம், அந்த இரகசிய எண்ணைச் சாவியிலிருந்தும் செய்தியிலிருந்தும் கணக்கிட்டுப் பெறும் முறையை வகுத்தது. நம்பகமான வாலட்டுகள் இன்று அதையோ அதையொத்த முறையையோ பின்பற்றுகின்றன. கையொப்ப நிரலைத் தாமே எழுத நினைக்கும் நிரலாளர்கள் இந்த ஓர் இடத்தை நினைத்தாவது அந்த ஆசையைக் கைவிடுவது நல்லது.

முதல் படி: சாவியை நல்ல இடத்தில் பிறக்கச் செய்தல்

பிறப்பிலேயே பலவீனமான சாவியைப் பின்னால் எந்தப் பெட்டகமும் காப்பாற்றாது. லிப்பிட்காயின் எக்ஸ்ப்ளோரர் என்னும் கட்டளைக் கருவியின் 3.x பதிப்புகள் கணினியின் நேரத்தைக் கொண்டு வெறும் 32 பிட் தற்செயல் தன்மையோடு விதையை, அதாவது சாவிகள் எல்லாம் கிளைக்கும் மூல எண்ணை, உருவாக்கின. 32 பிட் என்றால் சுமார் 430 கோடி வாய்ப்புகள், அதைச் சாதாரணக் கணினியே துழாவிவிடும். 2023இல் அப்படி உருவான வாலட்டுகள் சூறையாடப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டு, அழகான முகவரிகளை உருவாக்கித் தரும் புரொஃபேனிட்டி என்னும் கருவியிலும் இதே 32 பிட் கோளாறு வெளிப்பட்டது. அந்தக் குறை பகிரங்கமான சில நாள்களிலேயே, 2022 செப்டம்பர் 20 அன்று, விண்டர்மியூட் நிறுவனம் ஏறத்தாழ 16 கோடி டாலரை இழந்தது.

எனவே விதையை ஹார்டுவேர் வாலட் தானே உருவாக்கட்டும். இணையப்பக்கங்கள், பெயர் தெரியாத செயலிகள், சாட்பாட்கள் எவையும் அதைத் தர வேண்டாம். விதையைச் சொற்களாக எழுதும் வடிவமே மீட்புச் சொற்கள்; அதற்காக நாமே மனத்தில் தோன்றும் 12 சொற்களைத் தேர்ந்தெடுப்பதும் கூடாது. கருவியைத் தயாரிப்பாளரிடமிருந்தோ அவர் அங்கீகரித்த விற்பனையாளரிடமிருந்தோ வாங்க வேண்டும். பெட்டிக்குள் ஏற்கெனவே மீட்புச் சொற்கள் அச்சிட்ட அட்டை இருந்தால் அந்தச் சொற்கள் இன்னொருவரிடமும் இருக்கின்றன என்று பொருள். அதைப் பயன்படுத்தக் கூடாது.

இரண்டாம் படி: மீட்புச் சொற்கள்

மீட்புச் சொற்களுக்கான பிப்-39 தரத்தில் 2048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. அதிலிருந்து வரும் 12 சொற்கள் 128 பிட், 24 சொற்கள் 256 பிட். 12 சொற்களே போதுமானவை. 24 சொற்களை அலட்சியமாக வைப்பதைவிட 12 சொற்களைக் கவனமாக வைப்பது மேல். ஒவ்வொரு சொல்லின் முதல் நான்கு எழுத்துகளே அதை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டிவிடும் என்பதால், தகட்டில் பொறிப்பவர்கள் நான்கு எழுத்துகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

காகிதத்தில் எழுதலாம், ஆனால் காகிதத்துக்குக் கறையான், மழைநீர், நெருப்பு என்று பகைவர்கள் பலர். துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் பொறிப்பது அதிகச் செலவில்லாத வேலை. புகைப்படம் எடுக்கக் கூடாது. எடுத்த படம் சில நொடிகளில் கிளவுடுக்குப் போய்விடும். வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வதும், ஜிமெயில் வரைவில் வைப்பதும் அதே கதைதான். 2022 ஆகஸ்டில் சொலானா என்னும் பிளாக்செயினில் 9,000க்கும் மேற்பட்ட வாலட்டுகள் காலியானபோது, ஸ்லோப் என்னும் கைப்பேசி வாலட் பயனர்களின் மீட்புச் சொற்களைப் பிழைப்பதிவுச் சர்வருக்கு வெளிப்படையான எழுத்தாகவே அனுப்பிவந்தது தெரியவந்தது. கைப்பேசியில் தட்டச்சு செய்த சொற்கள் எங்கெல்லாம் போகும் என்பது தட்டச்சு செய்தவருக்கே தெரியாது.

சொற்களை இரண்டாகப் பிரித்து இரண்டு வீடுகளில் வைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது தவறான சிக்கனம். 12 சொற்களில் ஆறு ஒரு திருடனிடம் சிக்கினால், எஞ்சியவற்றுக்கு ஏறத்தாழ 62 பிட் பாதுகாப்பே மிஞ்சும். வசதியுள்ள ஒருவர் முயன்று பார்க்கக்கூடிய அளவு அது. ஒரு பாதி தொலைந்தாலோ உங்களுக்கே முழுவதும் போய்விடும். பிரித்துத்தான் வைக்க வேண்டுமென்றால் அதற்கென்றே வகுக்கப்பட்ட ஷமீர் பகிர்வு முறையை, அதாவது ஸ்லிப்-39ஐ, ஆதரிக்கும் கருவியை வாங்குங்கள்; அல்லது பல சாவிகள் சேர்ந்து கையொப்பமிடும், கீழே வரும் மல்டிசிக் வழிக்குப் போங்கள். சொற்களோடு கூடுதல் கடவுத்தொடர் ஒன்றைச் சேர்ப்பதும் நல்ல காவலே, ஆனால் அதில் ஒரு கூர்மை இருக்கிறது: தவறான தொடரைக் கொடுத்தால் பிழைச்செய்தி வராது, வேறொரு வெறும் வாலட் திறக்கும். மறந்தால் மீட்க வழியில்லை.

பணம் போடுவதற்கு முன் ஒத்திகை ஒன்று அவசியம். சொற்களை எழுதிக்கொண்டு, முதல் முகவரியைக் குறித்துக்கொண்டு, கருவியை முழுவதுமாக அழித்துவிடுங்கள். லெட்ஜர் என்னும் ஹார்டுவேர் வாலட்டில் பின் எண்ணை மூன்று முறை தவறாகக் கொடுத்தாலே அழிந்துவிடும். பிறகு எழுதிவைத்த சொற்களை மட்டும் பார்த்து மீட்டெடுங்கள். அதே முகவரி வந்தால் எழுதியது சரி. வராவிட்டால், ஒரு ரூபாயும் போகாமல் பிழை தெரிந்துவிட்டது.

மூன்றாம் படி: கணக்குகளைப் பிரித்தல்

சேமிப்பு ஒரு கருவியில், அன்றாடப் புழக்கம் வேறொரு விதையில் இருக்க வேண்டும். புதிய இணையச் செயலிகளோடு இணைக்கும் வாலட்டில் இழந்தால் தாங்கக்கூடிய தொகையே இருக்கட்டும். ஒரே விதையின் இரண்டு கணக்குகள் இரண்டு தனித்தனிப் பெட்டகங்கள் ஆகா என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு விதையிலிருந்து சாவிகளைக் கிளைக்கச் செய்யும் சாதாரண வழித்தோன்றல் முறையில் ஒரு கிளைச்சாவியின் தனிச்சாவியும் அதன் தாய்க்கணக்கின் எக்ஸ்பப் என்னும் நீட்டித்த பொதுச்சாவியும் ஒருவர் கையில் சேர்ந்தால், தாய்ச்சாவியையே கணக்கிட்டுவிடலாம். பிறகு அதிலிருந்து கிளைத்த எல்லா முகவரிகளும் அவருடையவை. ஒரு கணக்கின் தனிச்சாவியை மட்டும் வேறு வாலட்டுக்கு ஏற்றுமதி செய்வது தீங்கற்ற காரியம்போலத் தோன்றும். அது அப்படியல்ல.

நான்காம் படி: கட்டுதல், பார்த்தல், கையொப்பமிடுதல், அனுப்புதல்

பிட்காயினில் இந்த நான்கும் நன்றாகவே பிரிக்கப்பட்டிருக்கின்றன. இணையத்தில் உள்ள மடிக்கணினியில் ஸ்பேரோ போன்ற செயலியை நிறுவி, எக்ஸ்பப்பை மட்டும் கொடுத்து, பார்வைக்கு மட்டுமான வாலட் ஒன்றை அமைக்க வேண்டும். அது இருப்பைக் காட்டும், பரிவர்த்தனையைக் கட்டும். செலவழிக்க அதனால் முடியாது. கட்டப்பட்ட பரிவர்த்தனை, கையொப்பம் முழுமையாகாத பிட்காயின் பரிவர்த்தனைக்கான பிஎஸ்பிடி என்னும் வடிவத்தில் கியூஆர் குறியாகவோ மைக்ரோஎஸ்டி அட்டையிலோ கையொப்பக் கருவிக்குப் போகும். கருவியின் சின்னத் திரையில் பெறுநரின் முகவரி, தொகை, கட்டணம் ஆகிய மூன்றும் வரும். மூன்றையும் படித்தபின் பொத்தானை அழுத்தினால், கையொப்பமிட்ட வடிவம் கியூஆராகத் திரும்பி மடிக்கணினிக்கு வரும். அங்கிருந்து வலையமைப்புக்குப் போகும். கட்டணத்தைப் பலர் பார்ப்பதில்லை. மீதித்தொகை திரும்பிவரும் முகவரி உங்களுடையதுதானா என்பதைக் கருவி தானே சரிபார்க்கிறதா என்றும் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

முகவரியை ஒப்பிடும்போது முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்துகளோடு நிறுத்துவது ஆபத்தான பழக்கம். அதே தொடக்கமும் முடிவும் கொண்ட முகவரியை உருவாக்கி, அதிலிருந்து உங்களுக்கு அற்பத் தொகை ஒன்றை அனுப்பி, உங்கள் பரிவர்த்தனை வரலாற்றில் அந்த முகவரியை இடம்பெறச் செய்வது ஒரு தொழிலாகவே நடக்கிறது. 2024 மே மாதம் ஒருவர் வரலாற்றிலிருந்து முகவரியை நகலெடுத்து எத்தீரியத்தில் புழங்கும் பிட்காயின் வடிவமான ரேப்டு பிட்காயினில் 1,155ஐ, ஏறத்தாழ 6.8 கோடி டாலரை, அந்நியருக்கு அனுப்பிவிட்டார். பின்னர் பணம் திரும்பி வந்தது. அப்படி வருவது அபூர்வம். வரலாற்றிலிருந்து நகலெடுக்காதீர்கள். முகவரிப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, கருவியின் திரையில் நடுப்பகுதியையும் சேர்த்துப் படியுங்கள். பெரிய தொகைக்கு முன் சிறு தொகை ஒன்றை அனுப்பிப் பாருங்கள்.

எத்தீரியத்தில் இவ்வளவு தெளிவு இல்லை. ஈத்தர் அனுப்புவது எளிது, ஆனால் ஒப்பந்தத்துக்குப் போகும் கட்டளை ஒரு நீளமான எண்வரிசை. அதைப் புரிந்துகொள்ளாத கருவி ஹேஷை மட்டும் காட்டி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்கும். இது வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்குச் சமம். ஆங்கில வழக்கில் இதை பிளைண்ட் சைனிங் என்கிறார்கள். கருவியின் அமைப்புகளில் அந்த வசதியை அணைத்தே வையுங்கள். கட்டளையை மனிதர் படிக்கும் சொற்களில் காட்டும் கருவியையும் செயலியையும் தேர்ந்தெடுங்கள். தவிர்க்கவே முடியாத ஒரு பரிவர்த்தனைக்காகத் திறந்தால், முடிந்ததும் மூடிவிடுங்கள்.

பைபிட்டில் நடந்ததைக் கூர்ந்து பார்த்தால் எதைத் தேட வேண்டும் என்பது விளங்கும். அவர்கள் பயன்படுத்திய சேஃப் மல்டிசிக் இடைமுகத்தின் நிரலாளர் ஒருவரின் கணினி வழியாகத் தாக்குபவர்கள் நுழைந்து, இணையப்பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டை பைபிட்டுக்கு மட்டும் மாறி நடக்கும்படி திருத்தியிருந்தார்கள். பரிவர்த்தனையில் ஆபரேஷன் என்றொரு புலம் உண்டு. அதன் மதிப்பு 0 என்றால் சாதாரண அழைப்பு. 1 என்றால் டெலிகேட்கால், அதாவது அந்நிய ஒப்பந்தத்தின் நிரலை நம் வாலட்டின் சேமிப்பிடத்திலேயே ஓடவிடுவது. அங்கே 1 இருந்தது. ஓடிய நிரல், வாலட் எந்த மூல ஒப்பந்தத்தை நம்புகிறது என்னும் பதிவையே மாற்றி எழுதியது. அதன்பின் வாலட் தாக்குபவர்களுடையது. அமெரிக்காவின் எஃப்பிஐ இதை வடகொரியாவின் செயல் என்று அறிவித்தது.

எனவே சேஃப் போன்ற வாலட்டில் கையொப்பமிடும்போது, பெறுநர், தொகை, கட்டளை, ஆபரேஷன், நான்ஸ் எனப்படும் வரிசை எண் ஆகியவற்றைக் கொண்டு வேறொரு கணினியில், வேறொரு கருவியால் ஹேஷைத் தனியே கணக்கிட்டு, ஹார்டுவேர் வாலட் காட்டும் டொமைன் ஹேஷோடும் மெசேஜ் ஹேஷோடும் எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். அதே உலாவியின் இன்னொரு தத்தலில் (டேப்) கணக்கிடுவது பயன்படாது. ஒரே இடத்திலிருந்து இரண்டு சாட்சிகளைக் கூப்பிட முடியாது. ஆபரேஷன் 1 ஆக இருந்தால், எதற்காக என்று சொல்லத்தெரியாத வரை கையொப்பமிடக் கூடாது.

கேபிளே இல்லாத, முற்றிலும் தனித்த கருவிதான் பாதுகாப்பு என்று வாதிடுவோர் உண்டு. யூஎஸ்பி வழியை மூடுவதில் பயன் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் தவறான பரிவர்த்தனை கியூஆர் வழியாகவும் சொகுசாக உள்ளே வரும். யூஎஸ்பி கருவியில் நிதானமாகப் படிப்பவர், தனித்த கருவியில் கண்ணை மூடி அழுத்துபவரைவிடப் பாதுகாப்பாக இருக்கிறார்.

ஐந்தாம் படி: கட்டணமில்லாக் கையொப்பங்கள்

பரிவர்த்தனை அல்ல, வெறும் செய்திதான், கட்டணம் இல்லை என்று சொல்லிக் கேட்கப்படும் கையொப்பங்களில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். எத்தீரியத்தில் புலம் புலமாக அமைந்த செய்திகளுக்கான இஐபி-712 வடிவச் செய்தியில் பெர்மிட் என்று வந்தால், உங்கள் டோக்கன்களை இன்னொரு முகவரி எடுத்துக்கொள்ள நீங்கள் அனுமதி தருகிறீர்கள். சங்கிலியில் அதைப் பதிவுசெய்யும் வேலையைத் தாக்குபவரே செய்துகொள்வார். ஸ்பெண்டர் என்னும் புலத்தில் யார், எவ்வளவு, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். இதே அனுமதியைச் சங்கிலியில் நேரடியாகத் தரும் அப்ரூவ் பரிவர்த்தனைகளில் வரம்பில்லா அனுமதி தராமல், தேவைப்படும் தொகையை மட்டும் எழுதுங்கள். பழைய அனுமதிகளை அவ்வப்போது ரத்து செய்யுங்கள். 2025 மே மாதம் எத்தீரியத்தின் பெக்ட்ரா மேம்பாட்டோடு வந்த இஐபி-7702, ஒரே கையொப்பத்தால் ஒரு முகவரியின் முழு நடத்தையையும் ஓர் ஒப்பந்தத்திடம் ஒப்படைக்க வழி செய்கிறது. அத்தகைய ஒப்படைப்பை வாலட் செயலி தானே முன்வைத்தால் ஒழிய, எந்த இணையத்தளம் கேட்டாலும் தரக் கூடாது.

ஆறாம் படி: ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகள்

பெரிய தொகைக்கும் நிறுவனப் பணத்துக்கும் மூன்றில் இரண்டு, ஐந்தில் மூன்று போன்ற மல்டிசிக் ஏற்பாடே உகந்தது. ஆனால் சாவிகளின் எண்ணிக்கையும் சுதந்திரமான கைகளின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. ஒரு சங்கிலியிலிருந்து மற்றொன்றுக்குப் பணத்தைக் கடத்தும் ரோனின் பாலத்தில் ஒன்பதில் ஐந்து சாவிகள் தேவைப்பட்டன. அந்த ஒன்பதில் நான்கு ஒரே நிறுவனத்திடம் இருந்தன, ஐந்தாவதை அடைய பழைய அனுமதி ஒன்று ரத்து செய்யப்படாமல் கிடந்தது. 2022 மார்ச்சில் 60 கோடி டாலருக்கும் மேல் போயிற்று. 2024 ஜூலை 18 அன்று இந்தியாவின் வாசிர்எக்ஸ் பரிமாற்றகம் ஏறத்தாழ 23 கோடி டாலரை இழந்ததும் மல்டிசிக் வாலட்டிலிருந்துதான். இடைமுகம் காட்டியதும் உண்மையில் கையொப்பமானதும் வேறு வேறு என்று அந்நிறுவனமே கூறியது.

எனவே வெவ்வேறு தயாரிப்பாளர்களின் கருவிகள், வெவ்வேறு கணினிகள், வெவ்வேறு ஊர்கள் வேண்டும். கையொப்பமிடுவோர் ஒவ்வொருவரும் தாமே ஹேஷைக் கணக்கிட்டு, வேறொரு தொடர்பு வழியில், தொலைபேசியில் வாய்விட்டுப் படித்தாவது, ஒப்பிட வேண்டும். முதலாமவர் பார்த்திருப்பார் என்று இரண்டாமவர் நம்புவதும், இரண்டாமவர் பார்ப்பார் என்று முதலாமவர் நம்புவதும் இந்த ஏற்பாட்டையே ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். எதிர்பாராத பிழைச்செய்தி வந்து மீண்டும் கையொப்பமிடச் சொன்னால் நிறுத்துங்கள். 2024 அக்டோபரில் ரேடியன்ட் கேபிடல் என்னும் கிரிப்டோ கடன் தளத்தில் தீநிரல் புகுந்த கணினிகளிலிருந்து கையொப்பங்கள் திரட்டப்பட்டபோது, பரிவர்த்தனை தோற்றதுபோன்ற செய்தி வழக்கமான கோளாறாகவே தோன்றியது.

ஏழாம் படி: நிரலாளர்களுக்கும் சர்வர்களுக்கும்

நிரலின் இரகசிய அமைப்புகளை வைக்கும் என்வ் (.env) கோப்பில் சாவியை எழுதி, அதைத் தவறுதலாக நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றிவிடுவது இன்றும் ஓயவில்லை; பொதுக் களஞ்சியங்களைத் தானியங்கிகள் இடைவிடாமல் துழாவுகின்றன, கமிட்டை அழித்தாலும் பயனில்லை. ஒப்பந்த நிரல் எழுதும் கருவித்தொகுப்பான ஃபவுண்ட்ரியில் வேலை செய்வோர் காஸ்ட் வாலட் இம்போர்ட் கட்டளையால் சாவியை மறையாக்கிய கோப்பில் வைத்து, பெயரால் அழைக்கலாம். முக்கிய ஒப்பந்தங்களை நிறுவும்போது ஹார்டுவேர் வாலட்டையே இணைத்துவிடலாம். நிறுவி முடித்ததும் ஒப்பந்தத்தின் உரிமையை மல்டிசிக்கிடம் மாற்றிவிட வேண்டும்.

சார்பு நூலகங்களின் பதிப்புகளைப் பூட்டி வையுங்கள். 2024 டிசம்பரில் சொலானாவின் வெப்3 ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் 1.95.6, 1.95.7 பதிப்புகளில் தனிச்சாவியைத் திருடும் நிரல் நுழைக்கப்பட்டிருந்தது. சர்வர் நினைவகத்தில் சாவியை வைத்திருந்தவர்கள்தான் அதற்கு இரையாகக்கூடியவர்கள்.

தானாகக் கையொப்பமிட வேண்டிய சர்வர்களுக்கு ஏடபிள்யூஎஸ் கேஎம்எஸ் (அமேசான் கிளவுடின் சாவிக் காப்பகம்) போன்ற சேவைகள் செக்ப்256கே1 சாவிகளை ஆதரிக்கின்றன. அங்கே உருவாக்கிய தனிச்சாவி வெளியே வராது. இதில் ஒரு பொறி உண்டு: கேஎம்எஸ் தன்னிடம் வரும் ஹேஷுக்குக் கையொப்பமிடும், அதன் பொருள் அதற்குத் தெரியாது. கையொப்பமிடும் அனுமதி பெற்ற சர்வரைக் கைப்பற்றியவருக்குச் சாவி தேவையே இல்லை. ஆகவே பயன்பாட்டுச் சர்வருக்கும் கேஎம்எஸுக்கும் இடையில் தனிச் சேவை ஒன்றை வைத்து, முழுப் பரிவர்த்தனையையும் அதுவே பெற்று, அனுமதித்த முகவரிகள், ஒரு நாளுக்கான உச்சவரம்பு, சங்கிலி எண் ஆகியவற்றைச் சரிபார்த்து, ஹேஷையும் அதுவே கணக்கிட வேண்டும். வெளியிலிருந்து வரும் ஹேஷை அது ஏற்கவே கூடாது. அந்த வாலட்டில் ஓரிரு நாள் தேவைக்கு மேல் பணமும் இருக்க வேண்டாம்.

எட்டாம் படி: சந்தேகம் எழுந்தால்

முதலில் எது கசிந்தது என்று பிரித்தறியுங்கள். தவறான அனுமதி மட்டும் தரப்பட்டிருந்தால் அதை ரத்து செய்தால் போதும். சாவியோ சொற்களோ வெளியேறியிருந்தால் ரத்து செய்து பயனில்லை. நேரத்தை அதில் செலவிடாமல் புதிய கருவியில் புதிய விதையை உருவாக்கி, மதிப்பு மிகுந்தவற்றிலிருந்து தொடங்கி நகர்த்துங்கள். பழைய விதையிலேயே இன்னொரு கணக்கைத் திறந்து அதற்கு மாற்றுபவர்கள் அதே திருடனிடம் மீண்டும் கொடுக்கிறார்கள்.

கட்டணத்துக்காக நீங்கள் அனுப்பும் ஈத்தரை நொடியில் துடைத்தெடுக்கும் தானியங்கி ஏற்கெனவே அங்கே குடியேறியிருந்தால், ஈத்தரை அனுப்புவதையும் டோக்கனை வெளியேற்றுவதையும் ஒரே தொகுப்பாக, பொதுக் காத்திருப்பிடத்தைத் தொடாமல், ஃபிளாஷ்பாட்ஸ் போன்ற தனிவழியில் அனுப்ப வேண்டியிருக்கும். இந்த நேரத்தில் மீட்டுத்தருகிறோம் என்று டெலிகிராமில் தாமாக வந்து நிற்பவர்கள் கேட்கும் முதல் பொருளும் மீட்புச் சொற்களாகவே இருக்கும். அவர்களுக்குப் பதில் எழுத வேண்டாம். பூட்டிய டோக்கன்கள் பின்னாளில் அந்த முகவரியில் விடுபட வேண்டியிருந்தால், பெறும் முகவரியை மாற்ற ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று அதை வழங்கியவரிடம் அன்றே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.